விருந்தாளியாகப் போகும் மலைக் கிராமங்கள்



வெளிநாட்டுப் பயணம் என்று பேச்செடுத்தால் நம் வீடுகளில் அடுத்த நிமிடமே சில கேள்விகள் எழுந்துவிடும். எங்கே தங்குவது? சாப்பாடு ஹலாலாக இருக்குமா? பெண் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாமா? தொழுவதற்கு வசதி உண்டா? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் "அந்த வீட்டு உம்மாவிடம் கேளுங்கள்" என்று பதில் வரக்கூடிய ஓர் ஊர் இமயமலைக்குள்ளே இருக்கிறது என்றால் நம்புவீர்களா? ஹோட்டல் கிடையாது என்பதற்காக அல்ல, அங்கே போகிறவர்கள் குடும்பங்களின் வீடுகளிலேயே தங்க முடிகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்தியாவின் வடகோடியில், காரகோரம் மலைத் தொடருக்கும் இமயத்துக்கும் இடையே கிடக்கும் பிரதேசம் லடாக். முன்பு ஜம்மு காஷ்மீர் மாநிலத்தோடு இருந்த இது, 2019 ஒக்டோபர் 31ஆம் திகதி தனி யூனியன் பிரதேசமாயிற்று. பௌத்தரும் முஸ்லிம்களும் ஏறக்குறைய சரிபாதியாக வாழும் இடம். இங்குள்ள மலைக் கிராமங்களில் வழிகாட்டி ஒருவரோடு வீடு வீடாகத் தங்கி, அந்த மக்களின் உணவையும் உழைப்பையும் வழக்கங்களையும் பார்த்து வரும் சுற்றுலா கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளாக வளர்ந்து வந்திருக்கிறது. அந்தப் பாதையின் கடைசியில் இருக்கும் துர்துக் என்ற முஸ்லிம் கிராமத்துக்கு உங்களை அழைத்துப் போக வேண்டும் என்பதே என் எண்ணம். அங்கே போய்ச் சேர்வதற்கு முன் சில விஷயங்களை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூச்சு வாங்கும் ஊர்

டில்லியிலிருந்து ஒன்றேகால் மணி நேர விமானப் பயணத்தில் லே நகரில் இறங்கிவிடலாம். ஆனால், சகோதரிகளே, அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் நீங்கள் ஏறும் உயரத்தை எண்ணிப் பாருங்கள். நம் நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையின் உச்சி 2,524 மீற்றர். லே நகரமோ சுமார் 3,500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பிதுருதலாகலையின் மேல் இன்னும் ஒரு கிலோமீற்றர் ஏறி நிற்பதற்குச் சமம். காற்று மெல்லியது. படியேறினால் நெஞ்சு அடிக்கும். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் வரக்கூடும்.

ஆகவே முதல் இரண்டு நாட்களும் எங்கும் ஓடித் திரியாமல் ஓய்வெடுப்பது கட்டாயம். நிறையத் தண்ணீர் குடியுங்கள். இதய நோய், நெஞ்சு நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்காமல் புறப்படவே கூடாது. தலைவலி தாங்க முடியாமல் போய், நடை தள்ளாடினால், அல்லது படுத்திருக்கும்போதும் மூச்சு முட்டினால், அதற்கு முதல் மருந்து கீழே இறங்குவதுதான். "நாளைக்குச் சரியாகிவிடும்" என்று சொல்லி மறைக்க வேண்டாம். வழிகாட்டி ஒருவர் உடன் இருப்பதன் முதல் பயனே இதுதான். பாதையைக் காட்டுவதைவிட, உங்கள் முகத்தைப் பார்த்து உடல்நிலையை அறிவதே நல்ல வழிகாட்டியின் வேலை.

குசினியில் நிற்கும் நமக்கு இன்னொரு அதிசயமும் உண்டு. அந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 88 பாகையிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று நினைத்துப் பருப்பைப் போட்டால் மணிக்கணக்கில் வேகாது. அதனால்தான் லடாக்கின் எந்த வீட்டுக்குப் போனாலும் பிரஷர் குக்கரின் விசில் சத்தம் உங்களை வரவேற்கும்.

ஓய்வு நாட்களில் லே கடைத்தெருவிலுள்ள ஜாமிஆ பள்ளிவாசலை மெதுவாக நடந்துபோய்ப் பாருங்கள். முகலாயப் பேரரசர் ஔரங்கசீபுக்கும் லடாக்கின் பௌத்த அரசர் தெல்தன் நம்கியாலுக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாட்டின்படி 1666-67இல் அது கட்டப்பட்டது. பௌத்த அரசரின் அரண்மனை மேலேயிருந்து பார்க்க, அதன் காலடியில் பள்ளிவாசல். சீனத் துருக்கிஸ்தானத்தின் யார்கந்த் நகரிலிருந்து ஒட்டகங்களிலும் குதிரைகளிலும் பட்டும் கம்பளமும் கொண்டு வந்த முஸ்லிம் வணிகர்கள் இந்த நகரில் இறங்கினார்கள். சிலர் இங்குள்ள பெண்களை மணம் முடித்துத் தங்கிவிட்டார்கள். அவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் 'அர்கோன்' என்று அழைக்கப்படுகிறார்கள். வணிகம் செய்யப் போன இடத்தில் பெண்ணெடுத்து, அந்த ஊர் மக்களாகவே ஆகிவிட்ட கதை நமக்கும் புதிதல்லவே!

பனிச்சிறுத்தை தந்த விருந்தோம்பல்

வீடுகளில் விருந்தாளிகளை ஏற்கும் வழக்கம் இங்கே எப்படி முறையாகத் தொடங்கியது என்பது சுவையான கதை.

லே நகருக்குத் தெற்கே ஹெமிஸ் தேசிய பூங்காவுக்குள் ரும்பக் என்றொரு சின்னஞ்சிறு பௌத்தக் கிராமம் இருக்கிறது. பனிச்சிறுத்தை வாழும் மலை அது. இரவில் பனிச்சிறுத்தை ஆட்டுத் தொழுவத்துக்குள் குதித்தால், அகப்பட்ட ஆடுகளையெல்லாம் கொன்றுவிடும். ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் போய்விடும். கோபத்தில் ஊரார் சிறுத்தையைக் கொல்வார்கள். சிறுத்தையோ அழிந்து வரும் இனம். யாரைக் குறை சொல்வது?

பனிச்சிறுத்தைப் பாதுகாப்புக்காக உழைத்த அமைப்பொன்று, கிராமத்தாரோடு உட்கார்ந்து பேசி ஒரு வழி கண்டது. ரின்சென் வாங்சுக் என்ற லடாக்கியர் அதில் முன்னின்றார். தொழுவங்களுக்குக் கூரையும் வலையும் போட்டுக் காப்பது ஒன்று. சிறுத்தையின் மலையைப் பார்க்க வரும் பயணிகளைக் கூடாரத்தில் அல்லாமல் கிராமத்து வீடுகளில் தங்கவைத்து, அந்த வருமானத்தை வீட்டாருக்கே சேர்ப்பது மற்றொன்று. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் இவ்வாறு உருவானதுதான் 'ஹிமாலயன் ஹோம்ஸ்டே' ஏற்பாடு.

இதில் நம் பெண்கள் கவனிக்க வேண்டிய அம்சங்கள் சில உண்டு. பெரிய வீடு, வாய்ச்சாலகம் உள்ள வீடு என்று எல்லாரும் ஒரே வீட்டுக்குப் போய் நிறைந்துவிடக் கூடாது என்பதற்காக, விருந்தாளிகளை முறை வைத்து வீடு வீடாக அனுப்புகிறார்கள். கட்டணம் ஊர் முழுவதற்கும் ஒன்றே. வருமானத்தில் ஒரு பங்கு ஊர்ப் பொதுநிதிக்குப் போகிறது. சமையலும் படுக்கையும் பெண்களின் பொறுப்பு என்பதால் பணமும் பெரும்பாலும் பெண்களின் கையிலேயே வந்து சேர்கிறது.

லடாக்கின் குசினி வீட்டின் இதயம் போன்றது. நடுவே அடுப்பு. சுவர் நெடுகப் பித்தளை, செப்புப் பாத்திரங்கள் துலக்கி அடுக்கப்பட்டிருக்கும். தரையில் கம்பளம், முன்னால் தாழ்ந்த மேசை. அங்கேதான் விருந்தாளியை உட்கார வைப்பார்கள். தேநீரை நீட்டினால் உடனே வாங்கிவிடுவது அங்கே நாகரிகமில்லை. ஒன்றிரண்டு தடவை வேண்டாம் என்று மறுக்க வேண்டும். அவர்கள் வற்புறுத்த வேண்டும். பிறகுதான் வாங்க வேண்டும். நம் வீட்டுக் கல்யாணங்களில் சம்பந்தி வீட்டார் "போதும், போதும்" என்று சொல்லிக்கொண்டே பாத்திரத்தை நீட்டுவது நினைவுக்கு வரும். அந்தத் தேநீரில் சீனி கிடையாது, உப்பும் வெண்ணெயும்தான். முதல் மிடறு முகத்தைச் சுளிக்க வைக்கலாம். தேநீர் என்று நினைக்காமல் சூப் என்று நினைத்துக் குடியுங்கள். குளிரில் உதடு வெடிக்கும் ஊரில் அந்த வெண்ணெய் ஏன் என்று இரண்டு நாளில் விளங்கிவிடும்.

கழிவறை விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வீடுகளில் பாரம்பரிய உலர் கழிவறைதான். மேல்மாடியில் ஒரு துவாரம். கழிவின் மேல் மண்ணையும் சாம்பலையும் தள்ளிவிட வேண்டும். அது மக்கி எருவாகி வசந்தத்தில் வயலுக்குப் போகும். மழையே அபூர்வமான, பனி உருகும் நீரை நம்பி வாழும் நாட்டில் ஒரு துளித் தண்ணீரையும் வீணாக்காத ஏற்பாடு அது. சுத்தம் செய்வதற்கு ஒரு சிறிய போத்தலில் தண்ணீர் கொண்டுபோகும் நம் பழக்கத்தை விட வேண்டியதில்லை. அளவாகப் பாவித்தால் போதும்.

கர்துங் கணவாய்க்கு அப்பால்

உடல் பழகியபின் துர்துக்குக்குப் புறப்படலாம். லேயிலிருந்து சுமார் 205 கிலோமீற்றர். இடையில் கர்துங் லா என்ற கணவாயைக் கடக்க வேண்டும். அங்கே வைத்திருந்த பழைய பலகை 5,602 மீற்றர் என்று பெருமை பேசியது. பின்னர் அளந்தவர்கள் சுமார் 5,359 மீற்றர் என்றார்கள். எப்படிப் பார்த்தாலும் பிதுருதலாகலையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். அங்கே பதினைந்து, இருபது நிமிடங்களுக்கு மேல் நிற்காமல் இறங்கிவிடுங்கள்.

இறங்கினால் நூப்ரா பள்ளத்தாக்கு. ஷயோக் நதி சாம்பல் நிறத்தில் பரந்து ஓடும். திஸ்கித், ஹுந்தர் என்ற பௌத்த ஊர்களைக் கடக்கும்போது இமயமலைக்குள்ளே மணல்மேடுகளைக் காண்பீர்கள். அங்கே இரட்டைத் திமில் ஒட்டகங்கள் நிற்கும். யார்கந்துக்குப் போய்வந்த அந்தப் பழைய வணிகக் கூட்டங்கள் விட்டுச் சென்ற ஒட்டகங்களின் பரம்பரை அவை.

அதன்பின் பள்ளத்தாக்கு ஒடுங்கும். இரு பக்கமும் புல் பூண்டு இல்லாத கற்சுவர்கள். இராணுவச் சோதனைச் சாவடிகள். இனி என்ன ஊர் இருக்கப் போகிறது என்று சலிப்புத் தட்டும் வேளையில், நதிக்கு மேலே ஒரு மேட்டில் பச்சை பச்சையாக மரங்கள் தெரியும். அதுதான் துர்துக். சுமார் 2,900 மீற்றர் உயரம். லேயை விடத் தாழ்வானது. மூச்சும் கொஞ்சம் இலகுவாகும்.

சலாம் சொல்லும் மலை

இந்த ஊர் மக்கள் பல்தி இனத்தவர். பேசும் பல்தி மொழி திபெத்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதை இன்று பெரும்பாலும் அரபு - பாரசீக எழுத்தில் எழுதுகிறார்கள். 'போலோ' விளையாட்டின் பெயர்கூடப் பந்து என்ற பொருள்படும் பல்திச் சொல்லிலிருந்து உலகத்துக்குப் போனதுதான்.

பதினான்காம் நூற்றாண்டில் பாரசீகத்தின் ஹமதான் நகரிலிருந்து வந்த மீர் செய்யித் அலி ஹமதானி (ரஹ்) அவர்களால் இந்த மலைகளில் இஸ்லாம் பரவியது என்பது இம்மக்களின் மரபு. காஷ்மீரிலும் அதே பெரியாரைத்தான் மக்கள் நினைவுகூர்கிறார்கள். துர்துக்கில் பெரும்பாலோர், பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த செய்யித் முஹம்மத் நூர்பக்ஷ் அவர்களின் வழியைப் பின்பற்றுவோர். தொழுகையிலும் சில கிரியைகளிலும் நமக்குப் பழக்கமில்லாத சிறு வேறுபாடுகளைக் காண்பீர்கள். சகோதரிகளே, அங்கே போய் மஸ்அலா பேச உட்கார வேண்டாம். விருந்தாளிக்குரிய இடம் பாய், மிம்பர் அல்ல.

கிப்லாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாம் இலங்கையில் மேற்கை நோக்கி நின்று சற்று வடக்கே சாய்கிறோம். அங்கே மேற்கை நோக்கி நின்று சற்றுத் தெற்கே சாய வேண்டும். வீட்டாரே முஸல்லாவை விரித்து, திசையையும் காட்டிவிடுவார்கள். பயணியாகையால் கஸ்ர், ஜம்உ சலுகைகள் உங்களுக்கு உண்டு. வுழூவுக்கான நீர் பனியுருகி வந்தது. விரல் விறைத்துப் போகும். வெந்நீர் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

ஊர் சிற்றோடை ஒன்றின் இரு பக்கமும் பரந்திருக்கிறது. பழைய பகுதிக்கு யுல் என்று பெயர். மறு கரையிலுள்ள ஃபரோலுக்கு மரப்பாலத்தால் போக வேண்டும். வீடுகளுக்கிடையே ஒருவர் மட்டும் நடக்கக்கூடிய கல் ஒழுங்கைகள். அந்த ஒழுங்கைகளின் ஓரமாகவே பனிநீர் வாய்க்கால்கள் சலசலத்து ஓடும். வாற்கோதுமையை அறுத்த கையோடு அதே வயலில் பக்வீட் என்ற தானியத்தை விதைத்துவிடுகிறார்கள். லடாக்கின் உயர்ந்த பகுதிகளில் வருடத்துக்கு ஒரு போகம்தான். இங்கே தாழ்வான இடம் என்பதால் இரண்டு போகம்.

குளிரூட்டிக்கு மின்சாரம் தேவையில்லை என்பதையும் இந்த ஊர்ப் பெண்களிடம் கற்கலாம். பாறைகளின் இடுக்கிலிருந்து குளிர்காற்று வரும் இடங்களைப் பார்த்து, அங்கே கல்லால் சிறு அறைகள் கட்டியிருக்கிறார்கள். 'நங்சுங்' என்று பெயர். வெளியே கோடை வெயில் காயும்போதும் உள்ளே இறைச்சியும் வெண்ணெயும் கெடாமல் இருக்கும்.

இனிச் சாப்பாட்டுக்கு வருவோம். பக்வீட் மாவில் நம் தோசை போன்று சுட்டெடுப்பது 'கிஸிர்'. அதோடு தயிரில் பச்சிலைகளை அரைத்துக் கலந்த 'தஸமிக்' தருவார்கள். மாவைச் சிறு துண்டுகளாக வெட்டிப் போட்டுக் காய்ச்சும் சூப் 'பலே'. எண்ணெயும் மிளகாயும் குறைவு. நம் பிள்ளைகள் முதல் நாள் சம்பலைத் தேடும்தான். ஒரு சிறு போத்தலில் கட்டச் சம்பல் கொண்டுபோனால் பிள்ளைகளும் பிழைப்பார்கள், வீட்டு உம்மாவுக்கும் ருசி காட்டலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக அப்ரிகொட், அதாவது சர்க்கரைப் பாதாமி. ஏப்ரலில் ஊர் முழுவதும் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்து நிற்கும். ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் பழம். உதிர்த்து, பிளந்து, கூரைகளில் காயப்போடுவது பெண்களும் பிள்ளைகளும். பழத்தைத் தின்று விதையை எறிந்துவிடாதீர்கள். இனிப்பு விதையின் பருப்பைத் தின்பார்கள். கசப்பு விதையிலிருந்து எண்ணெய் எடுப்பார்கள். லடாக்கின் வெண்விதை அப்ரிகொட்டான 'ரக்ட்ஸே கர்போ' 2022இல் புவிசார் குறியீடு பெற்றது.

1971 டிசெம்பர்

இவ்வளவும் கேட்டபின், இது ஏதோ கவலையறியாத மலைச் சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி நினைத்துக்கொண்டு போகிறவர்கள் அந்த ஊரின் பாதியைப் பாராமலே திரும்புகிறார்கள்.

முன்னொரு காலத்தில் லே, கார்கில், ஸ்கர்து மூன்றும் சேர்ந்த ஒரே நிருவாகப் பிரதேசமாக லடாக் இருந்தது. 1947-48ஆம் ஆண்டுகளின் சண்டைக்குப் பின் ஸ்கர்துவும் பல்திஸ்தானும் பாகிஸ்தானின் கட்டுப்பாட்டில் போயின. துர்துக்கும் அவற்றோடு போயிற்று. 1971 டிசெம்பரில் நடந்த போரில் இந்தியப் படை ஷயோக் நதி வழியே முன்னேறிச் சலுங்கா, துர்துக், தியாக்ஷி, தங் ஆகிய நான்கு கிராமங்களையும் கைப்பற்றியது. போர் நின்றது. 1972இல் சிம்லா உடன்படிக்கை வந்தது. படைகள் நின்ற கோடே கட்டுப்பாட்டுக் கோடாயிற்று. ஊர் நகரவில்லை, நாடு மாறிவிட்டது.

அந்த டிசெம்பரில் ஊரில் எல்லாரும் இருக்கவில்லை. குளிர்காலம். வேலைக்காக, படிப்புக்காக, வியாபாரத்துக்காக ஸ்கர்துவுக்கும் லாகூருக்கும் கராச்சிக்கும் போயிருந்தவர்கள் பலர். அவர்கள் அங்கேயே நின்றுபோனார்கள். இங்கே மனைவி, அங்கே கணவன். இங்கே தாய், அங்கே மகன். ஷயோக் நதிக்கரையாலேயே கப்லுவுக்குப் போகும் பழைய வழி மூடப்பட்டது. உறவைப் பார்க்க வேண்டுமானால் டில்லியில் விசாவுக்கு விண்ணப்பித்து, பஞ்சாபுக்கு இறங்கி, அட்டாரி - வாகா எல்லையைக் கடந்து, மறுபடி வடக்கே மலையேற வேண்டும். பக்கத்து ஊருக்குப் போக ஆயிரக்கணக்கான கிலோமீற்றர்! விசா கிடைத்தால்தானே அதுவும்? 2025 ஏப்ரலில் அந்த எல்லை வழியையும் அடைத்தார்கள்.

எத்தனையோ உம்மாமார் பிள்ளையின் முகத்தைப் பாராமலே மௌத்தானார்கள். பின்னர் தொலைபேசி வந்தது. அதன்பின் கைப்பேசித் திரையில் முகமும் தெரிந்தது. ஜனாஸாவைத் திரையில் பார்ப்பது ஆறுதலா, வேதனையா என்பதை அனுபவித்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

கோட்டுக்கு மிக அருகிலுள்ள ஊர் தங். அங்கே நின்றால் மறுபக்கத்துக் கிராமம் கண்ணுக்குத் தெரிகிறது. வயல் தெரிகிறது, மரம் தெரிகிறது. சுற்றுலாப் பயணிகள் வாடகைக்குத் தொலைநோக்கி எடுத்துப் பார்க்கிறார்கள். நீங்களும் பார்ப்பீர்கள். பார்க்கும்போது ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். உங்களுக்கு வேறு நாடாகத் தெரிவது உங்கள் பின்னால் நிற்கும் அந்தப் பெண்ணுக்கு அவளுடைய சாச்சியின் வீடாக இருக்கலாம்.

1999 கார்கில் போரிலும் இந்தப் பகுதியில் சண்டை நடந்தது. இப்படிப்பட்ட ஊர் 2010இல்தான் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. அதற்கு முன் வெளியார் யாரும் சாதாரணமாக வந்து போக முடியாது. நாற்பது ஆண்டுகளாக இராணுவத்தையும் தங்களையும் தவிர வேறு முகம் பாராதிருந்த பெண்களின் வாசலில், ஒரு கோடையில் திடீரென்று அந்நியர்கள் புகைப்படப் பெட்டியோடு வந்து நின்றார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

விருந்துக்கு விலை உண்டா?

இங்கே உங்கள் மனதில் ஒரு கேள்வி எழலாம். விருந்தாளியிடம் காசு வாங்குவது முறையா? நம் வீடுகளில் அப்படி நினைக்கவே கூசுகிறோம். விருந்தாளியின் உரிமை மூன்று நாட்கள் என்றும், வீட்டாரைச் சிரமப்படுத்தும் அளவுக்குத் தங்கிவிடக் கூடாது என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத்தந்ததை நாம் அறிவோம். அந்த மலை மக்களும் அதை அறிவார்கள்.

ஆனால் மூன்று நாட்களுக்கொரு விருந்தாளி, கோடை முழுதும் வந்துகொண்டேயிருந்தால் எந்த வீடு தாங்கும்? விறகும் மாவும் எண்ணித் தீரும் குளிர்காலத்தை எதிர்நோக்கும் வீடு அது. இலவசமாக உண்டுவிட்டு, "என்ன அன்பான மக்கள்!" என்று புகழ்ந்து விடைபெறுவது மலிவான நன்றி. விலை முன்கூட்டியே தெரிந்திருந்தால் வீட்டாருக்குக் கேட்கும் வெட்கமில்லை. நமக்கும் கடன்பட்ட எண்ணமில்லை. அதற்கு மேல் அவர்கள் தட்டில் வைக்கும் அந்த ஒரு பிடி அப்ரிகொட் இருக்கிறதே, அது விலைக்குள் அடங்காதது. அதை விருந்தாக ஏற்றுக்கொள்ளுங்கள். ஆகவே பேரம் பேசாதீர்கள். பணத்தை முடிந்தால் வீட்டு அம்மணியின் கையிலேயே கொடுங்கள்.

வருமானம் வந்தபின் எல்லாம் நன்மையாகவே முடிந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. பயணிகள் பெருகப் பெருகக் குப்பையும் பெருகுகிறது. வயலாக இருந்த இடத்தில் விடுதி எழுகிறது. இதை எதிர்கொள்வதற்கு லடாக் பெண்களிடமே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1991இல் தொடங்கிய லடாக் பெண்கள் கூட்டணியின் முயற்சியால் 1998இல் லே நகரில் பிளாஸ்டிக் பைகள் தடை செய்யப்பட்டன. பெரிய நகரங்கள் பல அதைப்பற்றி யோசிக்காத காலம் அது. நாம் கொண்டுபோகும் பிளாஸ்டிக் போத்தலையும் பிஸ்கட் உறையையும் நாமே திரும்பக் கொண்டுவருவது அந்தப் பெண்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

புறப்படுமுன்

இன்ஷா அல்லாஹ், போக நாடும் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்:

மே முதல் செப்டெம்பர் வரை நல்ல காலம். பூப்பார்க்க ஏப்ரல், பழம் தின்ன ஜூலைக் கடைசி.

எல்லைப் பிரதேசமாகையால் வெளிநாட்டவருக்கு விசேட அனுமதிப் பத்திரம் தேவை. கடவுச்சீட்டு எந்த நாட்டினது என்பதைப் பொறுத்து விதிகள் வேறுபடும். விமானச் சீட்டு வாங்குமுன், லேயிலுள்ள பதிவு பெற்ற முகவர் ஒருவரிடம் எழுத்து மூலமாகவே உறுதி செய்துகொள்ளுங்கள். எல்லையில் பதற்றம் என்றால் அனுமதி உடனே நிறுத்தப்படும். அதற்கும் மனதைத் தயார்படுத்தி வைக்க வேண்டும்.

வழிகாட்டியை அமர்த்தும்போது அந்தப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவரையே கேளுங்கள். மொழியும் தெரிந்திருக்கும், எந்த வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும். பெண்கள் குழுவானால் பெண் வழிகாட்டிகளும் லடாக்கில் இருக்கிறார்கள்.

பெண்களைக் கேளாமல் படமெடுக்காதீர்கள். வயலில் குனிந்து வேலை செய்யும் பெண்ணைத் தூரத்திலிருந்து எடுப்பதும் படமெடுப்பதுதான். நம் வீட்டு வேலிக்கு மேலால் ஒருவர் எட்டிப் பார்த்து நம்மைப் படமெடுத்தால் நாம் என்ன சொல்வோமோ, அதையே அவளும் மனதுக்குள் சொல்வாள். பாலங்களையும் இராணுவ நிலைகளையும் படமெடுப்பது சட்டப்படி குற்றம்.

பௌத்த வீடுகளில் தங்கும் நாட்களில் மரக்கறிச் சாப்பாடு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர்கள் மனம் நோகமாட்டார்கள். துர்துக்கில் அந்தக் கவலையே இல்லை.

பிரிந்த உறவுகளைப்பற்றி நீங்களாகத் துருவிக் கேட்காதீர்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அடுப்பின் பக்கத்தில் அவர்களாகச் சொன்னால், கேளுங்கள். கேட்பதைத் தவிர நம்மால் செய்யக்கூடியது அதிகமில்லை. ஆனால் யாராவது கேட்டார்கள் என்பதும் சிலருக்கு ஒரு பாரம் இறங்கியது போல.

சகோதரிகளே, உலகைச் சுற்றிப் பாருங்கள் என்று நமக்குச் சொல்லப்பட்டிருப்பது படிப்பினைக்காக. பெரிய கட்டடங்களும் கடைத்தெருக்களும் நிறைந்த நகரங்களுக்குப் போய், பை நிறையப் பொருட்களோடு வருகிறோம். வருடத்தில் ஒரு முறையாவது, இப்படியொரு வீட்டில் இரண்டு இரவு தங்கி, அந்த வீட்டுப் பெண்ணோடு உட்கார்ந்து அப்ரிகொட் பிளந்துவிட்டு வந்தால் பிள்ளைகளுக்கு எத்தனை பாடம்! தண்ணீர் எவ்வளவு பெறுமதியானது, பக்கத்து ஊருக்குப் போய்வர முடிவது எத்தனை பெரிய நிஃமத், சலாத்துக்குப் பதில் சொல்ல ஒருவர் இருப்பது என்ன ஆறுதல் என்பதையெல்லாம் புத்தகத்தில் படிப்பதைவிட அங்கே விரைவாகக் கற்றுக்கொள்வார்கள்.

பிரிந்திருக்கும் குடும்பங்களை அல்லாஹ் சேர்த்து வைப்பானாக. அந்த நதிக்கரை உம்மாமாருக்காக இன்றைய தொழுகையில் ஒரு துஆ கேட்டுவிடுங்கள். அதற்கு அனுமதிப் பத்திரமும் வேண்டாம், விமானச் சீட்டும் வேண்டாம்.